ஏழாம் வகுப்புக்குக் காமிக்ஸ் பாடம்: நன்றாக வரைபவர்களையும் பென்சிலே தொடாதவர்களையும் ஒரே வகுப்பில் எப்படி நடத்துவது?

#1 பென்சில்சீவி

அனைவருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை என்பதால் ஏழாம் வகுப்புக்கு ஒரு பீரியட் கொடுக்கவே இழுபறி. தாள் கொடுத்து, பென்சில் இல்லாதவர்களுக்குப் பென்சில் தேடிக் கொடுப்பதற்குள் அதில் பத்து நிமிடம் போய்விடும்.

அடுத்த மாதம் நான்கு வாரத்துக்குக் காமிக்ஸ் பாடம் வைக்கலாம் என்று இருக்கிறேன். வகுப்பில் 38 பேர். நாலைந்து பேர் யூடியூப் பார்த்து அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) முகங்களை அச்சு அசலாகப் போடுகிறார்கள். பத்துப் பேராவது தாளைப் பார்த்ததுமே "எனக்கு வராது டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு பையனுக்குப் பார்வை குறைவு. இரண்டு மூன்று பேருக்கு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்து எழுத வராது. இன்னொருவன் வாயைத் திறந்தால் கதை, பென்சிலை மட்டும் தொடமாட்டான்.

தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வேலை கொடுக்கிறார்களே, அதே மாதிரி நானும் மூன்று விதமான தாள் தயாரிக்கலாமா? எளிய தாளில் பாதி வரைந்து கொடுத்துவிட்டு மீதியை அவர்கள் முடிக்கும்படி? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

#2 மைப்புட்டி

மூன்று தாள் வேண்டாம் டீச்சர். சின்ன வகுப்பில் அரும்பு, மொட்டு என்றால் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏழாம் வகுப்பில் தாள் கைக்கு வந்த இரண்டாவது நிமிடமே எது 'மக்குத் தாள்' என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பத்துப் பேரை மீட்கவே முடியாது.

கதை சொல்வது ஒரு திறமை, வரைவது வேறு திறமை. காமிக்ஸில் இந்த இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் கை வராத பிள்ளைக்கு ஒளிய இடமே இல்லை. காமிக்ஸில் குச்சி மனிதனை வைத்துக்கொண்டே சிரிக்க வைக்கலாம், பயமுறுத்தலாம். உங்கள் வாயாடிப் பையன்தான் அந்த வகுப்பின் முதல் காமிக்ஸ்காரன் என்று நினைக்கிறேன்.

#3 கோடும்கோணமும்

பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியன் நான். மாற்றுக் கருத்து சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது.

நாங்கள் ஓவியத்துக்கான அரசுத் தேர்வுகளான லோயர், ஹையர் எழுதி வந்தவர்கள். ஸ்கேல் இல்லாமல் வெறும் கையால் போடும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனில் ஒரு பக்கக் கோடு மறுபக்கக் கோட்டோடு ஒத்துவரும் வரை அழித்து அழித்துப் போட்டோம். அந்தப் பயிற்சி கண்ணுக்கும் கைக்கும் ஆனது. காமிக்ஸ் என்ற பெயரில் குச்சி மனிதன் போதும் என்று விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டே எட்டாம் வகுப்புக்கும் போய்விடும். கதை எழுதத் தமிழ் ஆசிரியர் இருக்கிறார். ஓவிய ஆசிரியர் ஓவியம் சொல்லித்தர வேண்டாமா?

#4 வண்டல்

கோடும்கோணமும் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பென்சில்சீவி டீச்சருக்கு.

நான் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். நீங்கள் "வரையத் தெரியாதவர்கள்" என்று ஒரே கூடையில் போட்டிருப்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஒருவனுக்கு விரல் பிடிமானம் போதாது. ஒருத்திக்கு விரல் நன்றாகவே இருக்கும், எது முதலில் எது அடுத்து என்று வரிசைப்படுத்துவதில் தடுமாறுவாள். இன்னொருவருக்கு எழுத்துதான் பயம். மீதிப் பேருக்கு ஒரு குறையும் இல்லை. நாலாம் வகுப்பில் யாரோ சிரித்திருப்பார்கள், அதோடு நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே 'எளிய தாள்' கொடுத்தால் யாருக்கும் பொருந்தாது.

பார்வை குறைந்த பையனுக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு முழு ஏ4 தாள், தடித்த கறுப்பு மார்க்கர். கடைசியில் எல்லாவற்றையும் சார்ட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், ஆனால் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் தாளில் விழ வேண்டும். பென்சிலின் சாம்பல் கோடு அவனுக்குத் தெரியாமலே போகலாம், அதனால் முதல் கோடே மார்க்கரில் இருக்கட்டும்.

விரல் பிடிமானம் குறைந்தவர்களுக்கு ஸ்டாம்ப் பேடும் கட்டைவிரலும் போதும். ஒரு ரேகைப் புள்ளிக்கு இரண்டு கண்ணும் இரண்டு காலும் வைத்தால் ஒரு ஆள். ஒரே விரல் என்பதால் எல்லாக் கட்டத்திலும் அதே ஆள்தான் வருவான். வரிசைப்படுத்தத் தடுமாறும் பிள்ளைக்குக் கட்டங்களைத் தனித்தனித் துண்டுத் தாளில் வரையச் சொல்லுங்கள். தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டட்டும்.

முக்கியமானது: ஸ்டாம்ப் பேட், துண்டுத் தாள், மார்க்கர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் முன் மேசையில் பொதுவாக வையுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நீங்களாக ஒருவன் கையில் ஸ்டாம்ப் பேடைத் திணித்தால் அதுவும் மக்குத் தாள்தான். அனிமே வரைபவர்களே முதலில் ஓடிவந்து கட்டைவிரலை நனைப்பார்கள், பாருங்கள்.

#5 பென்சில்சீவி

இப்படி நான் யோசிக்கவே இல்லை மேடம், நன்றி. ஆனால் எத்தனை கட்டம், எவ்வளவு பெரிய கதை? சும்மா விட்டால் ஒருவன் மகாபாரதம் தொடங்குவான், இன்னொருவன் ஒரு முகத்தை மட்டும் வரைந்துவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பான்.

#6 மைப்புட்டி

எல்லாருக்கும் நாலே கட்டம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா என்ற அமைப்பை சரத் சர்மா நடத்துகிறார். ஓவியப் பயிற்சியே இல்லாத ஊர் மக்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே சுவர் காமிக்ஸாக வரையப் பயிற்சி தருகிறார்கள். அவர்களுடைய வடிவம் எளிமையானது. இரண்டு ஏ4 தாளை ஒட்டிய ஒரு சுவரொட்டி, அதில் நான்கு கட்டம், கறுப்பு வெள்ளை. ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டலாம். முதல் கட்டத்தில் ஆளும் இடமும், இரண்டாவதில் சிக்கல், மூன்றாவதில் சிக்கல் முற்றும், நான்காவதில் முடிவு. பென்சிலே பிடிக்காத பெரியவர்களுக்கு ஒத்துவந்த வடிவம் உங்கள் பிள்ளைகளுக்கு வராமலா போகும்?

கோடும்கோணமும் சார், உங்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பாவில் காமிக்ஸுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ரோடோல்ஃப் டொப்ஃபர் நம்மை மாதிரி ஒரு வாத்தியார்தான். ஜெனீவாவில் விடுதிப் பள்ளி நடத்தியவர். அப்பா ஓவியர். இவருக்கும் ஓவியராக ஆசை, கண் கோளாறு விடவில்லை. அதனால் கிறுக்கல் கோட்டில் படக்கதைகள் போட்டு மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் காட்டினார். 1845-ல் முகபாவம் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். கண்ணையும் வாயையும் கொஞ்சம் மாற்றினால் ஆளே மாறிவிடுகிறான், இதற்கு உடற்கூறு படிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். இதையே உங்கள் முதல் வாரப் பாடமாக வைக்கலாம் டீச்சர். கரும்பலகையில் ஒரே வட்டம், புருவத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். கையைக் கட்டிக்கொண்டவர்கள் கையை அவிழ்ப்பார்கள்.

#7 சித்திரக்கொப்பி

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். தரம் 8-க்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்பிலும் இதே பிரச்சினைதான். நான் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துவிடுவேன். வடிவாகக் கீறக்கூடிய பிள்ளை கீறும், கதை சொல்லக்கூடியது கதை சொல்லும், கையெழுத்து நல்லாயிருக்கிற பிள்ளை எழுத்தைப் பார்த்துக்கொள்ளும், மற்றவர் நிறம் தீட்டுவார். பெரிய பெரிய காமிக்ஸ் நிறுவனங்களிலும் இப்படித்தானே, கதை ஒருவர், பென்சில் ஒருவர், மை ஒருவர் என்று வேலையைப் பிரித்துச் செய்கிறார்கள். நேரமும் மிச்சம்.

#8 பென்சில்சீவி

சித்திரக்கொப்பி சார், பொங்கலுக்குச் சுவர்ப் படம் செய்தபோது நானும் இப்படித்தான் பிரித்தேன். வருஷம் முழுக்க வரைகிறவளே வரைகிறாள், நிறம் தீட்டுகிறவன் நிறமே தீட்டுகிறான். அவனிடம் கேட்டால் "நான் கலரிங் சார்" என்று பதவி மாதிரி சொல்கிறான். (ஆமாம், என்னையும் சில நேரம் சார் என்றுதான் கூப்பிடுவான்.)

#9 மைப்புட்டி

காமிக்ஸ் நிறுவனங்களில் வேலையைப் பிரிப்பது மாதக் கெடுவுக்காக. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்குக் கெடு கிடையாது. குழு இருக்கட்டும், வேலை சுற்றி வர வேண்டும். நாலு பேர், நாலு தாள். ஆளுக்கு ஒரு தாளில் முதல் கட்டத்தை வரைந்து வலப்பக்கம் தள்ளுவது. அடுத்தவர் முதல் கட்டத்தைப் பார்த்து இரண்டாவதை வரைவார். இப்படியே நான்கு சுற்று. கடைசியில் நான்கு காமிக்ஸ், ஒவ்வொன்றிலும் நாலு பேர் கை. கதை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நன்றாக வரைபவனுக்கும் பயம் சமம்தான்.

#10 வண்டல்

இதோடு ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் *எல்லாராலும்* இருபது நொடியில் வரைய முடிகிற ஆள்தான் கதாநாயகன். அதைக் குழுவே கூடித் தீர்மானிக்க வேண்டும். இரண்டு கால் முளைத்த கேஸ் சிலிண்டர், கோபக்காரக் குடை, மீசை வைத்த இட்லி, எதுவாகவும் இருக்கலாம். இதில் நன்றாக வரைபவளுக்குத்தான் வேலை அதிகம். தான் வழக்கமாகப் போடும் கண்ணிமையும் சுருள்முடியும் இல்லாமல், ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அழுகையைக் காட்ட வேண்டும். அவளுக்கு அது புதுப் பாடம். கை வராதவனுக்கோ, தான் வரைந்த இட்லியும் அவள் வரைந்த இட்லியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்பது பெரிய விஷயம்.

எல்லாப் பிள்ளைக்கும் கதையில் ஒரு முடிவெடுக்கும் இடம் இருக்க வேண்டும். கோடு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். "கதையை அவள் யோசிப்பாள், நீ கட்டம் மட்டும் போடு" என்று சொல்லிவிட்டால் அந்தப் பையனுக்குப் பாடமே நடக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கேல் பிடித்ததுதான் மிச்சம்.

#11 கோடும்கோணமும்

இட்லி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். டொப்ஃபர் கதையையும். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வரைதல் எங்கே?

நானே ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். பொருளை முன்னால் வைத்துப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்கில் எங்களுக்கு முதலில் வைப்பது குடம். கண்மட்டத்துக்குக் கீழே வைத்தால் வாய் நீள்வட்டமாகத் திறந்து தெரியும். கண்மட்டத்துக்கு ஏற்றினால் வாய் ஒரே கோடாகிவிடும். பரண்மேல் வைத்தால் அடிப்பாகத்தின் வளைவு மேல்நோக்கி வளையும். பிள்ளைகளுக்கு இது புரிந்ததாகவே தெரியாது, மனப்பாடமாக வரைவார்கள். அதையே காமிக்ஸில் வைத்தால்? ஒரு எறும்பு குடத்தில் ஏறுகிறது, நாலு கட்டம். கீழிருந்து ஒரு கட்டம், நேரே ஒன்று, வாய் விளிம்பில் ஒன்று, உள்ளே விழுந்தபின் மேலே பார்த்தால் தெரியும் வட்டமான வானம் ஒன்று. நன்றாக வரைகிற அந்த நாலைந்து பேருக்கு இதைக் கொடுங்கள். அனிமே முகம் இங்கே உதவாது.

#12 மைப்புட்டி

சார், இதைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே விழுந்த எறும்புக்குத் தெரியும் வானம்! நான் திருடிக்கொள்கிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் விஷயத்தில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறோம். "நீ முடிச்சிட்டியா, இன்னொரு பக்கம் வரை" என்போம். அது பரிசில்லை, தண்டனை. அவர்களுக்குக் கட்டத்தைக் கூட்டாதீர்கள், கையில் இருப்பதில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். ஒரு சொல்கூட இல்லாமல் சொல், முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் வைத்துச் சொல், நிழலுருவமாக மட்டும் சொல். வாலி உட் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர், இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டே இருக்கும் சலிப்பான காட்சிகளைச் சமாளிக்க 22 விதமான கட்டங்களைத் தொகுத்து வைத்திருந்தார். தூரத்திலிருந்து, தலைக்கு மேலிருந்து, ஒருவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, முழு இருட்டு உருவமாக என்று. அதில் நாலைந்தைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, "இரண்டு பேர் சத்துணவு வரிசையில் நிற்கிறார்கள், நாலு கட்டமும் வேறு வேறு கோணம்" என்று சொல்லுங்கள். ஒரு முகத்துக்கே முப்பது நிமிடம் செலவழிப்பவர்கள் திணறுவார்கள். திணறட்டும்.

#13 பென்சில்சீவி

சரி, இரண்டு சந்தேகம். ஒன்று, கதாநாயகன் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு ஆளாகிவிடுகிறான். நன்றாக வரைபவர்களுக்கே இது நடக்கிறது. இரண்டு, வசனம் எழுதும் பலூன். வரைந்து முடித்தபின் பலூன் போட்டு உள்ளே எழுதினால் பாதி வசனம் வெளியே தொங்குகிறது. தமிழில் ஒரு சொல்லே ஒரு முழம்.

#14 வண்டல்

முதல் சந்தேகத்துக்கு விடை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து மேற்கூரையில் புராண மன்னன் முசுகுந்தன் கதை ஓவியங்களாக இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பட்டை பட்டையாகக் காட்சிகள், அந்தந்தக் காட்சிக்குத் தமிழில் விளக்க வரி. கூட்டம், யானை, தேர், ஊர்வலம் என்று எவ்வளவு நெரிசல் இருந்தாலும் முசுகுந்தன் எங்கே என்று ஒரு நொடியில் தெரியும். ஏனென்றால் கதைப்படி அவருக்குக் குரங்கு முகம். மற்ற எல்லாரும் மனித முகம்.

பிள்ளைகளிடமும் இதையே சொல்லலாம். உன் ஆளுக்கு ஒரே ஒரு அடையாளம் வை. ஒற்றைச் செருப்பு, தலையில் ஒட்டிய பிளாஸ்திரி, கோடு போட்ட டவுசர். முகம் மாறினாலும் பரவாயில்லை, செருப்பு மாறக் கூடாது. எளிதாகச் செய்கிறவனுக்கு ஒரு அடையாளம் போதும், நன்றாக வரைபவனுக்கு அதே அடையாளத்தைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டச் சொல்லலாம். முடிந்தால் அந்த மண்டபத்தின் படங்களைச் செல்போனில் காட்டுங்கள். படக்கதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் காட்டலாம்.

#15 மைப்புட்டி

பலூன் கேள்வி எனக்கு. எழுத்து முதலில், பலூன் அப்புறம், ஆள் கடைசியில். கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். லேசாகக் கோடு போட்டு வசனத்தை எழுதியபின் அதைச் சுற்றிப் பலூனை வளைக்க வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம். இதைத் தாண்டினால் படிப்பவர் பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவார்.

பலூனுக்குள் பேச்சுத் தமிழ்தான் இருக்க வேண்டும். "நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்பது கட்டத்தையே அடைத்துக்கொள்ளும், "கெடச்சிருச்சு!" ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். எழுத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கும் இது வாசல். தான் பேசுகிற மாதிரியே எழுதலாம் என்றதும் அவன் எழுதுவான். நூலில் இருக்கிற தமிழ் வேண்டுமென்றால் கட்டத்தின் மேல் விளக்கப் பட்டை இருக்கிறது, அதில் எழுதட்டும்.

ஒரு வாக்கியம்கூட வராதவனுக்குச் சத்தம் கொடுங்கள். டமார், தொபுக்கடீர், சர்ர்ர், மடமடவென்று. இந்த விஷயத்தில் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. 'டமார்' என்பதில் மூன்று எழுத்தும் ஒரு காலும்தான், அதை உடைந்த கண்ணாடி மாதிரி வரைய வேண்டும், அவ்வளவுதான். அது எழுத்தா படமா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பழைய தினத்தந்தி கிடைத்தால் கன்னித்தீவை வெட்டிக் கொண்டுவாருங்கள். 1960-லிருந்து வரும் படக்கதைத் தொடர், எல்லா டீக்கடையிலும் உண்டு, காசும் ஆகாது. எழுத்தை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு "இப்ப என்ன பேசறாங்க?" என்று கேளுங்கள். முதல் பீரியட் அதிலேயே ஓடிவிடும். வரைய ஒன்றுமே இல்லை, ஆனால் பாடம் தொடங்கிவிடும்.

#16 சித்திரக்கொப்பி

சுற்றிவரும் தாள் முறையை எங்கள் வகுப்பில் செய்து பார்க்கப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும். புள்ளி (மதிப்பெண்) எப்படிப் போடுவது? வடிவாகக் கீறிய பிள்ளைக்கும் கட்டைவிரல் வைத்த பிள்ளைக்கும் ஒரே புள்ளி என்றால் பெற்றோர் வந்து கேட்பார்கள்.

#17 வண்டல்

வரைந்த பிள்ளையைப் பேசவிடாமல், வேறு குழுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு அந்தக் காமிக்ஸைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். கதை வந்துவிட்டதா? முதல் பங்கு மதிப்பெண் அதற்கு. எங்கே தடுக்கியதோ அந்தக் கட்டத்தை வரைந்தவர் போய்த் திருத்திவிட்டு வரலாம், திருத்தியதற்கு அடுத்த பங்கு. மூன்றாவது பங்கு அவரவர் எடுத்துக்கொண்ட சவாலுக்கு. எறும்புக் குடத்தை எடுத்தவருக்குக் கோணம், கட்டைவிரல்காரருக்கு அந்த ஒரே ரேகையில் எத்தனை பாவம் வந்தது என்பது. பெற்றோர் வந்தால் அவர்களையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அழகாக இருந்தும் கதை புரியாத பக்கங்கள் அப்போது தெரியும்.

#18 கோடும்கோணமும்

மூன்றாவது பங்கில் கோட்டுக்கும் இடம் வையுங்கள் அம்மா. 'சவால்' என்று பொதுவாகச் சொன்னால் கோடு காணாமல் போகும். சென்ற வாரத்துக் கோட்டையும் இந்த வாரத்துக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பிள்ளையின் இரண்டு தாளைத்தான் ஒப்பிட வேண்டும். மற்றவரோடு வேண்டாம்.

#19 வண்டல்

ஏற்றுக்கொண்டேன் ஐயா. அதை நான் விட்டுவிட்டேன்.

#20 பென்சில்சீவி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். முதல் வாரம் கன்னித்தீவும் புருவம் மாற்றும் விளையாட்டும். இரண்டாம் வாரம் இருபது நொடிக் கதாநாயகன், அடையாளம் ஒன்று. மூன்றாம் வாரம் தாள் சுற்றுவது. எறும்புக் குடத்தையும் சொல் இல்லாத கதையையும் சீட்டில் எழுதி முன் மேசையில் வைத்துவிடுவேன், விரும்புகிறவர்கள் எடுக்கட்டும். நாலாம் வாரம் படித்துக் காட்டுவதும் திருத்துவதும்.

பள்ளிச் சுவரில் ஒட்ட ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன். பென்சில் கோடு ஜெராக்ஸில் விழுமா?

#21 மைப்புட்டி

விழாது, விழுந்தாலும் மங்கும். மேலே கறுப்பு மையில் போட வேண்டும். பால்பாயிண்ட் மெலிதாக வரும், தடித்த முனை ஸ்கெட்ச் பேனா நல்லது. நீல மை சில இயந்திரங்களில் வெளிறிவிடும். ஸ்டாம்ப் பேடும் கறுப்பாகவே வாங்குங்கள், கடையில் கேட்காவிட்டால் ஊதாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

#22 கோடும்கோணமும்

மை நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் போடச் சொல்லுங்கள். 38 பேரில் பாதிப் பேர் ஈரத்திலேயே தேய்ப்பார்கள். ரேகை வைத்த விரலைத் துடைக்கப் பழந்துணியும் வேண்டும், இல்லாவிட்டால் சீருடையில்தான் துடைப்பார்கள்.